கப்ளரை வெட்டாதீர்கள்: கேள்வி-பதில்

கே: காரின் கம்பெனி ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டு நானே புது செட் மாட்டினேன். பாட்டு வருகிறது. ஆனால் சாவியை எடுத்தால் கடிகாரமும் ரேடியோ ஸ்டேஷனும் அழிந்துவிடுகின்றன. செட் பழுதா? (முத்தியால்பேட்டை)

ப: செட்டைத் திட்டாதீர்கள். மஞ்சள் வயருக்குப் பேட்டரியிலிருந்து எப்போதும் 12 வோல்ட் வர வேண்டும், சிவப்புக்குச் சாவி போட்டால் மட்டும். உங்களுக்கு இரண்டும் இடம் மாறியிருக்கும். பழைய ஃபோக்ஸ்வேகன் சிலவற்றில் கம்பெனி கப்ளரிலேயே (வண்டி வயர்கள் செட்டில் சேரும் பிளாஸ்டிக் இணைப்பு) மாறித்தான் இருக்கும். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள், சாவியை எடுத்த பிறகும் 12 காட்டுகிற வயரில்தான் மஞ்சள். மாற்றும்போது பேட்டரி மைனஸைக் கழற்றிவிடுங்கள்.

கே: கப்ளரை வெட்டி, வயர்களை முறுக்கி டேப் சுற்றினேன். ஒரு பக்க ஸ்பீக்கர் நின்றுவிட்டது. (கடலூர் முதுநகர்)

ப: யார் வெட்டச் சொன்னது? சில நூறு ரூபாய்க்கு உங்கள் வண்டி மாடலுக்கே கப்ளர் கிடைக்கிறது, செட்டின் வயரை அதில் இணைத்து, கம்பெனி கப்ளரில் குத்தினால் வேலை முடிந்தது. வெயிலில் நிற்கும் காரில் டேப்பின் பசை உருகி வழியும், நம் ஊர் உப்புக்காற்றில் செம்பு பச்சை பூத்துவிடும். நாளைக்கு வண்டியை விற்கப் பழைய செட்டை மாட்ட நினைத்தாலும் கப்ளர் இருக்காது. நானும் யோக்கியன் இல்லை. புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் பில் இல்லாமல் ஒரு பழைய செட் வாங்கினேன், பின்னால் வெட்டிய வயர்கள் வால் மாதிரி தொங்கின. வெள்ளை வயர் முன் இடது ஸ்பீக்கருக்கு, சாம்பல் முன் வலதுக்கு என்பது எனக்கு மனப்பாடம். வெயிலில் வெளுத்த வயர்களில் எது வெள்ளை, எது சாம்பல்? வலப்பக்கம் பாட வேண்டியது இடப்பக்கம் பாடியது. சரி, நீங்கள் வெட்டியதை இனி சால்டர் வைத்து, சூடுபட்டால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடுங்கள்.

கே: பெட்டியில் 4x50 வாட்ஸ் என்று போட்டிருக்கிறது. அவ்வளவு சத்தம் இல்லையே?

ப: அது உச்ச அளவு. தொடர்ந்து தரக்கூடிய அளவைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். என்ற வரியைத் தேடுங்கள், 20 வாட்ஸுக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

கே: அளக்காமல் 9 இன்ச் செட் வாங்கிவிட்டேன். டேஷ்போர்டை அறுக்கலாமா?

ப: கூடாது. வண்டிக்கேற்ற ஃப்ரேம் கிடைக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் திருப்பி அனுப்புங்கள். அளக்க இரண்டு நிமிடம் ஆகுமா?

கே: கடையில் வாங்கிப் 12 நாளில் டச் வேலை செய்யவில்லை. பில்லில் 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்று அச்சிட்டிருப்பதைக் காட்டுகிறார்கள். (திருப்பாதிரிப்புலியூர்)

ப: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. பில்லில் கெடு எதுவும் சொல்லாதபோது, 30 நாளுக்குள் வரும் குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. முதலில் எழுத்தில் கேளுங்கள், அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. பில்லை மட்டும் இன்றே போட்டோ எடுத்துவிடுங்கள், அந்த வழவழப்புத் தாளில் எழுத்து மங்கிவிடும்.