பி.டி. பருத்தியும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பயிர்ப் பூச்சிகளைப் பற்றிய தங்கள் கட்டுரையில், புழுவைக் கொல்லும் பாக்டீரியா மரபணுவைச் சேர்த்த பி.டி. பருத்தி வந்த பிறகு காய்ப்புழுவுக்கு மருந்தடிப்பது வெகுவாகக் குறைந்தது என்று எழுதியிருந்தீர்கள். பெரம்பலூர் பக்கம் பருத்தி போடும் என் சித்தப்பாவிடம் அதைப் படித்துக் காட்டினேன். அவர் வயலிலிருந்து நான்கைந்து பச்சைக் காய்களைப் பறித்து வந்து பிளந்தார். மூன்றில் இளஞ்சிவப்புப் புழு இருந்தது. அத்தனையும் பி.டி. விதைதான். விதை வீரியம் இழந்துவிட்டது என்கிறார் விதைக்கடைக்காரர். புழு சுதாரித்துக்கொண்டது என்கிறார் பக்கத்துக் காட்டுக்காரர். செடியில் வைத்த மரபணு புழுவின் உடலுக்குள் போய்விட்டதாக வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. எது சரி? மூன்றாவது மரபணு சேர்த்த விதை வரும்வரை காத்திருப்பதுதான் வழியா?

ஒரு வாசகர், பெரம்பலூர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் குறிப்பிடும் மூன்று விளக்கங்களில் இரண்டாவதில் மட்டும் உண்மையின் ஒரு சாயல் இருக்கிறது. மற்ற இரண்டையும் முதலில் ஒதுக்கிவிடலாம்.

பருத்தியைத் தாக்கும் காய்ப்புழுக்களில் முக்கியமானவை மூன்று: பச்சைக் காய்ப்புழு, புள்ளிக் காய்ப்புழு, இளஞ்சிவப்புக் காய்ப்புழு. இந்தியாவில் 2002 மார்ச்சில் அனுமதி பெற்ற பி.டி. பருத்தியில் க்ரை1ஏசி என்ற ஒரு நச்சுப்புரதம் இருந்தது. 2006இல் க்ரை2ஏபி என்ற இரண்டாவது புரதமும் சேர்ந்தது. உங்கள் சித்தப்பா விதைப்பது இந்த இரண்டாம் வகையாகத்தான் இருக்கும். அந்த விதையில் புள்ளிக் காய்ப்புழு இன்றும் மடிகிறது, பச்சைக் காய்ப்புழுவும் பெருமளவு மடிகிறது. விதையின் வீரியம் போயிருந்தால் அவையும் பிழைத்திருக்க வேண்டும். பிழைத்திருப்பது ஒரே ஒரு புழு என்பதால், மாற்றத்தை அந்தப் புழுவிடம்தான் தேட வேண்டும்.

செடியின் மரபணு புழுவுக்குள் போனதாகச் சொல்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை. புழு தின்பது பூவையும் விதையையும். அவற்றிலுள்ள மரபணுக்கள் எல்லா உணவையும் போலவே அதன் குடலில் சிதைந்துபோகின்றன. மாறியிருப்பது புழுவின் சொந்த மரபணு. அது எப்படி மாறியது என்பதைப் புரிந்துகொள்ள, நஞ்சு எப்படிக் கொல்கிறது என்பதைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும்.

பி.டி. என்பது மண்ணில் வாழும் பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாவின் பெயர்ச் சுருக்கம். 1901இல் ஜப்பானில் பட்டுப்புழுக்கள் திடீரெனச் செத்து விழுந்ததை ஆராய்ந்த இஷிவாட்டா இதை முதலில் கண்டார். 1911இல் ஜெர்மனியின் துரிஞ்சியா பகுதியில் மாவில் வாழும் ஓர் அந்துப்பூச்சியின் புழுக்களிலிருந்து பிரித்தெடுத்த பெர்லினர் அந்த ஊரின் பெயரையே இதற்குச் சூட்டினார். இந்த பாக்டீரியா உண்டாக்கும் புரதத்தைத் தின்ற புழுவின் நடுக்குடல் கடும் காரத்தன்மை கொண்டது. அங்கே செரிமான நொதிகள் புரதத்தின் ஒரு பகுதியைக் கத்தரித்து அதைச் செயல்படத் தூண்டுகின்றன. செயல் பெற்ற நஞ்சு, குடற்சுவர்ச் செல்களின் மேல் இருக்கும் கேட்ஹெரின் முதலான ஏற்பிகளில், அதாவது நஞ்சு ஒட்ட இடம் தரும் புரதங்களில், ஒட்டிக்கொள்கிறது, பிறகு செல்லின் சவ்வில் துளையிடுகிறது. சில மணி நேரத்திலேயே புழு தின்பதை நிறுத்திவிடும், இரண்டு மூன்று நாட்களில் இறந்துவிடும். மனிதருடைய இரைப்பை அமிலத்தன்மை கொண்டது, நம் குடலில் இந்த ஏற்பிகளும் இல்லை என்பதால், இதே புரதம் நம்மிடம் அவ்வாறு வேலை செய்வதில்லை.

ஆனால் நஞ்சைத் தின்ற ஒவ்வொரு புழுவும் இறந்தே தீரும் என்பதில்லை. குறைந்த அளவில் தின்ற புழுவின் குடற்சுவரில் புதிய செல்கள் வளர்ந்து சேதத்தைச் சரிசெய்துவிடக்கூடும். அப்படிப் பிழைத்தது மெதுவாக வளரும், சிறிய கூட்டுப்புழுவாகும், தாமதமாக அந்துப்பூச்சியாக வெளிவரும். பச்சைக் காய்ப்புழுவின் குஞ்சுகளிடம் வேறொரு நடத்தையையும் பார்க்க முடிகிறது. அவை பி.டி. செடியின் நுனித் துளிரைச் சற்றே கடித்துப் பார்த்துவிட்டு அங்கே தங்காமல் கீழே இறங்கி, நஞ்சு குறைவாக உள்ள பூக்களிலும் சப்பை எனப்படும் மொட்டுகளிலும் போய்ச் சேர்கின்றன. பருத்திச் செடியில் நஞ்சு எங்கும் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. இலையில் மிகுதி, காயின் தோட்டில் குறைவு, செடிக்கு வயது கூடக் கூட எல்லா இடத்திலும் குறைவு. பக்கத்துக் காட்டுக்காரர் சொன்ன ‘சுதாரிப்பு’ இந்த அளவுக்கு உண்மை. ஆனால் தனிப் புழு தன் வாழ்நாளில் காட்டும் இந்த விலகல், அதன் பிள்ளைகளுக்குப் பாடமாகப் போவதில்லை.

பிள்ளைகளுக்குப் போவது மரபணு. பி.டி. பருத்தி வருவதற்கு முன்பே, கேட்ஹெரின் ஏற்பி பழுதான புழுக்கள் இளஞ்சிவப்புக் காய்ப்புழுக் கூட்டத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்திருக்கின்றன. நஞ்சு வந்து ஒட்ட இடம் இல்லாததால் அவற்றுக்கு அது உணவுக்குச் சமம். மற்றவை மடிய, அவை மட்டும் பெருகின. இந்தியாவில் எதிர்ப்புத்திறன் பெற்ற இளஞ்சிவப்புக் காய்ப்புழுக்களின் கேட்ஹெரின் மரபணுவை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு, ஒன்றல்ல, எட்டு வெவ்வேறு பழுதான வடிவங்களை அதில் கண்டது. குஜராத்தின் அம்ரேலி, பாவ்நகர், ஜூனாகட், ராஜ்கோட் மாவட்டங்களில் ஒற்றை மரபணுப் பருத்தி இந்தப் புழுவிடம் தோற்றுவிட்டதாக 2010இல் அறிவிக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் இரண்டு மரபணுப் பருத்தியும் தோற்றது, 2017இல் மகாராஷ்டிரமும் தெலங்கானாவும் கடும் இழப்பைச் சந்தித்தன.

மூன்றில் இந்தப் புழு மட்டும் ஏன் முந்திக்கொண்டது என்பதுதான் உங்கள் கடிதத்தின் மையக் கேள்வி என்று நினைக்கிறேன். பச்சைக் காய்ப்புழு பருத்தியை மட்டும் நம்பி வாழ்வதில்லை. துவரை, கொண்டைக்கடலை, தக்காளி, மக்காச்சோளம், சூரியகாந்தி என்று எங்கும் வளரும். அந்தப் பயிர்களில் நஞ்சையே அறியாத அந்துப்பூச்சிகள் ஏராளமாக உருவாகி, பருத்தியில் தப்பிய ஓரிரண்டுடன் இணைசேர்கின்றன. பழுதான ஏற்பி மரபணு தந்தை, தாய் இருவரிடமிருந்தும் வந்தால்தான் பெரும்பாலும் எதிர்ப்புத்திறன் முழுமையாகும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்த பிள்ளை பி.டி. செடியில் மடிந்துவிடும். இளஞ்சிவப்புக் காய்ப்புழு ஏறத்தாழ முழுக்கப் பருத்தியிலேயே வாழ்வது. வயல் முழுவதும் பி.டி. பருத்தி என்றால், தப்பிய பூச்சிக்குத் தப்பிய பூச்சிதான் துணை.

இதை முன்கூட்டியே அறிந்துதான், பரப்பில் 20 விழுக்காடு அல்லது ஓரத்தில் ஐந்து வரிசை, இவற்றில் எது அதிகமோ அந்த அளவுக்குச் சாதாரணப் பருத்தி விதைக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். 450 கிராம் பி.டி. பொட்டலத்தோடு 120 கிராம் சாதாரண விதைப் பொட்டலம் ஒன்று வந்தது அதற்காகத்தான். பெரும்பாலான இடங்களில் அது விதைக்கப்படவே இல்லை. புழு தின்பதற்கென்றே ஒரு பகுதியை விட்டுவைக்க எந்த விவசாயிக்கும் மனம் வராது, ஏன் விடவேண்டும் என்பதைப் பொறுமையாக விளக்கிச் சொன்னவர்களும் குறைவு. இதற்கு விவசாயியைக் குற்றம் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. நாம் விதைப்பது ரகம் அல்ல, வீரிய ஒட்டு, அதாவது இரண்டு வேறு பெற்றோர்ச் செடிகளை இணைத்து உண்டாக்கிய விதை. பி.டி. மரபணு ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்திருக்கும் ஒட்டுச் செடியின் காய்க்குள் விளையும் விதைகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை. இரு மரபணுக்களும் தனித்தனியே பிரியும்போது, பதினாறில் ஒன்பது விதையில் இரண்டு நஞ்சும் இருக்கும், மூன்று விதைகளில் ஒரு நஞ்சு மட்டும், வேறு மூன்று விதைகளில் மற்றொரு நஞ்சு மட்டும் இருக்கும், மீதி ஒரு விதையில் எதுவுமே இருக்காது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு முட்டையிலிருந்து வெளிவந்த சிறிது நேரத்திலேயே காயைத் துளைத்துப் புகுந்து, விதை விதையாகத் தின்று வளர்வது. ஒரே காய்க்குள் அது நஞ்சுள்ள விதையையும் இல்லாத விதையையும் மாறி மாறிச் சந்திக்கிறது. அரைகுறையாக நஞ்சைத் தின்று பிழைக்கும் வாய்ப்பு இதைவிட எளிதாக வேறெங்கே கிடைக்கும்? நாகபுரியிலுள்ள மத்திய பருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தின் முன்னாள் இயக்குநர் கேசவ் கிராந்தி இதைத் தொடர்ந்து எடுத்துச் சொல்லிவந்தார். இதற்கு எவ்வளவு பங்கு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. என் பார்வையில், இதைவிடப் பெரிய காரணம் சாதாரணச் செடிகளே இல்லாமல் போனதுதான்.

அப்படி நான் சொல்வதற்குக் காரணம் சீனா. யாங்சி ஆற்றுப் படுகையில் ஒட்டு விதையின் விலையைக் குறைப்பதற்காக, ஒட்டுச் செடியில் விளைந்த இரண்டாம் தலைமுறை விதையை விவசாயிகளுக்கு விற்றார்கள். அதில் நான்கில் ஒரு செடி நஞ்சே இல்லாத சாதாரணச் செடி. யாரும் தனியாகப் பொட்டலம் பிரித்து விதைக்க வேண்டிய தேவை அங்கே எழவில்லை. 2010 வரை ஏறிக்கொண்டிருந்த இளஞ்சிவப்புக் காய்ப்புழுவின் எதிர்ப்புத்திறன் அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் இறங்கியது. ஒரு முழுச் செடியில் நஞ்சே இல்லாமல் வளர்ந்த பூச்சிகள் ஆயிரக்கணக்கில் வெளிவந்து கலந்ததே அதற்குக் காரணம்.

அமெரிக்காவின் அரிசோனாவில் 1997இலேயே இந்தப் புழுவிடம் எதிர்ப்பு மரபணு கணிசமாக இருந்தது. ஆனாலும் அங்கே சாதாரணப் பருத்தியை ஒழுங்காக விதைத்தார்கள், எதிர்ப்புத்திறன் பெருகவில்லை. பின்னர் கதிர்வீச்சால் மலடாக்கிய அந்துப்பூச்சிகளை விமானங்களிலிருந்து வயல்கள்மேல் தூவினார்கள். அப்படித் தூவியது மொத்தம் ஏறத்தாழ 1,100 கோடி. 2018இல் அந்நாட்டின் பருத்தி வயல்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முற்றிலும் ஒழிக்கப்பட்டதாக அறிவித்தார்கள். புழு ஒன்றுதான், முதலில் வந்த நஞ்சும் ஒன்றுதான், ஆனால் மூன்று நாடுகளில் மூன்று முடிவுகள். இந்த ஒப்பீட்டைப் பார்த்த பிறகு, மரபணு மாற்றம் தோற்றது என்றோ வென்றது என்றோ ஒற்றை வரியில் பேச என்னால் முடிவதில்லை.

மூன்றாவது மரபணுவுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பதே என் பதில். அது வந்தாலும், இதே ஒட்டில், சாதாரணச் செடியே இல்லாத இதே வயலில் விதைத்தால், புழுவின் கூட்டம் அதற்கும் சில ஆண்டுகளில் வழி கண்டுவிடும். அண்மைக் காலமாக ஒரே பையில் சாதாரண விதையும் கலந்து தருகிறார்கள். தாமதமானாலும் சரியான திசை என்றே நினைக்கிறேன், கலக்கும் அளவு போதுமா என்பது எனக்குக் கவலையாகவே இருக்கிறது.

உங்கள் சித்தப்பா இந்தப் பருவத்திலேயே செய்யக்கூடியவை சில உண்டு. பூக்கும் காலத்தில் இதழ்கள் விரியாமல் ரோஜாப்பூவைப் போல் குவிந்திருக்கும் பூக்களைப் பறித்துப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் புழு நூல் கட்டி இதழ்களைச் சேர்த்து வைத்திருக்கும். அவற்றைப் பறித்து அழித்துவிடலாம். ஓர் இனக்கவர்ச்சிப் பொறியில் தொடர்ந்து மூன்று இரவுகள், இரவுக்கு எட்டுப் பூச்சிகளுக்கு மேல் விழுந்தால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். புழு காய்க்குள் போன பின் அடிக்கும் மருந்து அதைத் தொடுவதே இல்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது, கடைசிப் பறிப்புக்குப் பிறகும் இன்னும் நாலு காய் வருமே என்று செடியை மாதக்கணக்கில் விட்டுவைக்காமல் இருப்பது. நஞ்சு மிகக் குறைந்திருக்கும் அந்த முதிர்ந்த செடிகளில்தான் அடுத்த பருவத்துக்கான புழுக்கள் உருவாகின்றன. பருத்திமாரைப் பிடுங்கிய பிறகு வயலோரத்தில் அம்பாரமாகக் குவித்து வைக்க வேண்டாம். பறித்த பருத்தியில் இரண்டு விதைகள் ஒன்றாக ஒட்டியிருந்தால், அவற்றுக்கு இடையே ஒரு புழு மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கக்கூடும். அந்தப் பருத்தியை வீட்டில் இருப்பு வைக்காமல் சீக்கிரம் விற்றுவிடுவதும், பஞ்சிலிருந்து விதையைப் பிரிக்கும் ஜின்னிங் மில்லைச் சுற்றிலும் இனக்கவர்ச்சிப் பொறி வைக்கும்படி ஊரார் சேர்ந்து கேட்பதும் நல்லது.

அன்புடன்.