வருடத்துக்கு ஐந்து டாலர்: கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணப் பூர்வகுடிகள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: 'பேண்டு' என்பது நகராட்சி மாதிரிதானே?

பேண்டு என்றால் அரசு அங்கீகரித்த ஒரு பூர்வகுடிக் குழு. பார்க்க அப்படித்தான் இருக்கும். சீஃப் என்ற தலைவர், கவுன்சிலர்கள், பள்ளி, தண்ணீர், வீடு என்று எல்லா வேலையும் உண்டு. பூர்வகுடிகளுக்கான கனடாவின் 'இந்தியன் சட்டம்' 100 பேருக்கு ஒரு கவுன்சிலர் என்கிறது. குறைந்தது 2, மிஞ்சினால் 12. பல பேண்டுகள் இதை விட்டுவிட்டுத் தங்கள் வழக்கப்படியே தேர்தல் நடத்துகின்றன. ஆனால் நகராட்சி, ஊரில் குடியிருப்பவர்களுக்கு. பேண்டு, அதன் உறுப்பினர்களுக்கு. ரிசர்வை, அதாவது பேண்டுக்கென்று ஒதுக்கிய நிலத்தை விட்டு, ரெஜைனா நகரத்தில் குடியேறியவருக்கும் ஓட்டு உண்டு. அதற்கு 1999இல் உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது.

கேள்வி: வருடா வருடம் அரசு அவர்களுக்குப் பணம் கொடுக்கிறதாமே?

கொடுக்கிறது. ஆளுக்கு ஐந்து டாலர்!

1874 செப்டம்பரில் கப்பெல் கோட்டையில் க்ரீ, சோல்ட்டோ என்ற பூர்வகுடி மக்களுடன் அரசு நிலத்துக்காகச் செய்த நான்காம் உடன்படிக்கை கையெழுத்தானது. அதில் எழுதிய தொகை இது. சீஃபுக்கு 25, கவுன்சிலருக்கு 15. பணம் தரும் நாளில் ஒரு மேசை போடுவார்கள். பக்கத்தில் சிவப்புக் கோட்டு மாட்டிய போலீஸ்காரர். பெயரைப் பட்டியலில் சரிபார்த்து, புது ஐந்து டாலர் நோட்டை எண்ணிக் கையில் கொடுப்பார்கள். பாட்டி, மகள், கைக்குழந்தை எல்லோருக்கும் தனித்தனியாக. ஒரு காபியும் ரொட்டியும் வாங்கினால் தீர்ந்துவிடும். அப்புறம் ஏன் வரிசையில் நிற்கிறார்கள்? அரசு ஒவ்வொரு வருடமும் இதைக் கொடுக்கும்வரை, ஒப்பந்தம் இன்னும் செல்லும் என்று அதுவே ஒப்புக்கொள்கிறது. நிலமோ போய்விட்டது, தொகை ஒரு காசு ஏறவில்லை.

கேள்வி: ரிசர்வ் நிலத்தை அடகு வைத்து வீடு கட்டிக்கொள்ளலாமே?

முடியாது. பட்டா அரசியின் பெயரில் இருந்தது, இப்போது அரசரின் பெயரில். பேண்டுக்கு அனுபவ உரிமை மட்டும். வெளியார் அங்குள்ள சொத்தை ஜப்தி செய்யச் சட்டம் விடாது. நிலத்தைக் காப்பாற்ற வந்த விதிதான். ஆனால் ஜப்தி செய்ய முடியாத சொத்துக்கு எந்த வங்கி கடன் தரும்? பேண்டோ மத்திய அரசோ உத்தரவாதம் தர வேண்டும். 'வீட்டைக் கவனிக்கத் தெரியாதவர்கள்' என்று நம்மவர்களே பேசுவதைக் கேட்டிருக்கிறேன். இதைத் தெரிந்துகொண்டு பேசலாம்.

கேள்வி: வரியே கட்டுவதில்லையாமே?

ரிசர்வில் சம்பாதிக்கும் 'ஸ்டேட்டஸ்' உள்ளவருக்கு, அதாவது இந்தியன் சட்டப்படி பதிவானவருக்கு, அந்த வருமானத்துக்கு வரி விலக்கு. வெளியே வேலை பார்த்தால் நம்மைப் போலவே கட்டுகிறார்கள். பூர்வகுடி, ஐரோப்பியர் கலப்பில் வந்த மெட்டீ மக்களுக்கு இந்த விலக்கே கிடையாது.

கேள்வி: சாஸ்கடூன் நகருக்குள்ளேயே ரிசர்வ் இருக்கிறதாமே?

ஆமாம், மஸ்கெக் லேக் க்ரீ நேஷனுடையது, 1988இல் வந்தது. உடன்படிக்கையில் சொன்ன அளவு நிலம் பல பேண்டுகளுக்குக் கிடைக்கவே இல்லை. அந்தப் பாக்கியில் வந்த இடம். அலுவலகங்கள் நிறைந்த பகுதி. குப்பை அள்ள, சாலை போட நகராட்சிக்கு ஒப்பந்தப்படி பணம் கட்டிவிடுகிறார்கள். கடந்து போனால் ரிசர்வ் என்றே தெரியாது.

கேள்வி: அவர்களை 'இந்தியன்' என்று கூப்பிடலாமா?

சட்டத்தின் பெயரில் இருக்கிறது, நம் வாயில் வேண்டாம். எந்த நேஷன் என்று கேளுங்கள். க்ரீ, டெனே, டகோட்டா என்று சொல்வார்கள். நீங்கள் இந்தியாவிலிருந்து வந்தவர் என்றால் அவர்களே சிரித்துக்கொண்டு ஒரு ஜோக் சொல்வார்கள், தயாராக இருங்கள்.