செங்கோட்டை சமுதாயக்கூடம்: எலிப்பொறிக் கட்டுச் சுவரில் ஈரம்

சாரல் மாதங்களில் கூடத்தின் மேற்குச் சுவரில் மட்டும் உள்ளே ஈரம் தெரிகிறது, கூடத்தை ஊரிடம் ஒப்படைக்கும் அறக்கட்டளை உள்பூச்சு பூசலாம் என்கிறது, சம்மதிக்கலாமா என்று கேட்டிருந்தீங்க. சம்மதிக்காதீங்க; ஈரம் உள்ளேயே அடைபட்டு, பூச்சு உப்பி உதிரும். அதே பணத்தை மேற்குச் சுவரின் வெளிப்பக்கத்துக்குக் கேளுங்க.

சாரல் மாதங்களில், மேற்கே மட்டும் ஈரம் என்றால் பெரும்பாலும் சுவரின் இரு பக்கத்தையும் இணைக்கும் குறுக்குக் கல்தான் காரணம். எலிப்பொறிக் கட்டு என்ற இந்த அடுக்கு முறையில் செங்கலைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி வைத்து நடுவே 3 அங்குலம் வெற்றிடம் விடுவதால் ஏறக்குறைய கால்வாசிக் கல் மிச்சம். ஆனால் குறுக்குக் கல் 9 அங்குலச் சுவரை முழுசாகக் கடக்கிறது. தண்ணீருக்கு அதுவே பாலம். வெற்றிடத்தில் சிந்திய கலவையும் அப்படித்தான்.

வெயில் நாளில் ஹோஸ் பிடித்து, கீழிருந்து மேலாக, இடத்துக்கு 20 நிமிடம் நனைத்துப் பாருங்க. உள்ளே செங்கல் முனை அளவில் திட்டுத் திட்டாக ஈரம் தெரிந்தால் குறுக்குக் கல்தான், சந்தேகமே வேண்டாம்.

அப்புறம் அந்தச் சுவருக்கு மட்டும் வெளிப்பூச்சு, 1:4 கலவை (சிமெண்ட் ஒரு பங்கு, மணல் நாலு பங்கு). கூரையை 2 அடி நீட்டினால் இன்னும் நல்லது.

சுவரின் அடிப்பகுதியில் ஓர் அடி உயரத்துக்குக் கோடையிலும் ஈரம் நின்றால் அது தரையிலிருந்து ஏறும் ஈரம், இந்த வைத்தியம் பலிக்காது.

ஒப்படைப்புக் கடிதத்தில் ஊர்க் கமிட்டி இன்னும் கையெழுத்துப் போடவில்லைதானே? சோதனை முடியும்வரை போட வேண்டாம். போட்டபின் பராமரிப்புச் செலவு ஊர் தலையில் விழலாம்.