சிகிச்சை முடிந்த பிறகு: கேள்வி பதில்

கேள்வி: மெத்தாம்பெட்டமின் என்ற போதைப்பொருளை விட்டு மூன்று மாதங்கள் ஆகின்றன. வெளிநோயாளர் சிகிச்சையும் முடிந்துவிட்டது. ஆனால் எதிலும் நாட்டமில்லை. இதற்கு மருந்து உண்டா?

பதில்: முதல் வாரங்களின் உற்சாகம் வடிந்ததும் வரும் இந்த வறட்சியை, 1980களில் லாஸ் ஏஞ்சலிஸில் உருவான மேட்ரிக்ஸ் என்ற போதை மீட்புச் சிகிச்சை முறை 'சுவர்' என்றே அழைக்கிறது, ஏறக்குறைய ஆறாவது வாரம் முதல் நான்காம் மாதம் வரை அது நீடிக்கும் என்பதால், தாங்கள் இப்போது அதன் நடுவில்தான் நிற்கிறீர்கள். பலருடைய சிகிச்சை இந்தக் கட்டத்தில் முடிந்துபோவதுதான் என் பெரிய வருத்தம். அமெரிக்க மூளை ஆய்வாளர் நோரா வோல்கோவ் குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், மெத்தாம்பெட்டமினிலிருந்து ஓராண்டுக்கு மேல் விலகியிருந்த ஐந்து பேரின் மூளையில், நாட்டத்தோடு தொடர்புடைய டோபமின் என்ற வேதிப்பொருளைக் கையாளும் கடத்திகள் கணிசமாக மீண்டிருந்தன. ஐவர் என்பது சிறிய எண்ணிக்கைதான், எனினும் இந்தச் சோர்வு குணக்கேடு அன்று, ஆறிவரும் மூளையின் நிலை என்று கொள்ள அது இடமளிக்கிறது. ஹெராயின் போன்ற ஓபியாய்டு போதைக்கு மெத்தடோன் என்ற மருந்து இருப்பதுபோல, மெத்தாம்பெட்டமின் போதைக்கென ஒப்புதல் பெற்ற மருந்து இல்லை. ஆனால் சாக வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: என் மகன் சம்பள நாளன்று மட்டுமே மீண்டும் போதையில் சறுக்குகிறான். பணத்தை நானே வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

பதில்: அவருடைய சம்மதத்தோடு என்றால் செய்யலாம், அம்மா. கைநிறையப் பணமும் வெறுமையான மாலையும் சேரும்போது, பழைய விற்பனையாளரின் எண் கைபேசியில் இருப்பதே போதுமான தூண்டுதலாகிவிடும். ஆகவே எண்ணை அழிப்பதும், அந்த மாலைக்கு ஒரு துணையை முன்கூட்டியே ஏற்பாடு செய்வதும் பணத்தைப் பூட்டுவதைவிட முக்கியம்.

கேள்வி: சோதனையில் போதைப்பொருள் இல்லையென்றால் பரிசுச்சீட்டு தருகிறார்கள். இது லஞ்சம் இல்லையா?

பதில்: இல்லை. மெத்தாம்பெட்டமின், கோகைன் போன்ற ஊக்கி வகைப் போதைக்கு மிக வலுவான சான்றுள்ள சிகிச்சை அதுவே.

கேள்வி: எட்டு மாதங்களுக்குப் பிறகு ஒரே ஒருமுறை கோகைன் எடுத்துவிட்டேன். எல்லாம் பாழா?

பதில்: அந்த எட்டு மாதங்களை யாரும் பறித்துவிடவில்லை. ஆலோசகரை இன்றே அழையுங்கள். வெட்கத்தில் ஒளித்துவைக்கும் நாட்களில்தான் ஒருமுறை பலமுறையாகிறது. உடல் பழைய அளவைத் தாங்காது என்பதையும், ஃபென்டனில் என்ற மிக வீரியமான ஓபியாய்டு அதில் கலந்திருக்கக்கூடும் என்பதையும் மறவாதீர்கள். அன்று மது அருந்தியிருந்தீர்களா என்றும் யோசித்துப் பாருங்கள். மது கட்டுப்பாட்டைத் தளர்த்துவதோடு, கோகைனுடன் சேரும்போது கல்லீரலில் கோகாஎத்திலீன் என்ற நச்சுப்பொருள் உருவாகி இதயத்தைக் கூடுதலாகத் தாக்கும். ஆகவே அடுத்த சந்திப்பில் மதுவைப் பற்றியும் மறைக்காமல் சொல்லுங்கள்.