கண்ணாடி வழிகிறதா?

அன்புள்ள ஐயா,

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். கண்ணாடி உண்மையில் ஒரு திரவம், மிக மெதுவாக வழிந்துகொண்டே இருக்கிறது என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். ஐரோப்பாவின் பழைய தேவாலய ஜன்னல்களில் கண்ணாடியின் அடிப்பக்கம் தடித்திருப்பதுதான் ஆதாரமாம். தேடிப் பார்த்தால் பாதிப் பேர் ஆமாம் என்கிறார்கள், மீதிப் பேர் இல்லை என்கிறார்கள். கண்ணாடி திடப்பொருளா, திரவமா? தேர்வில் கேட்டால் அவள் என்ன எழுதுவது?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

திடப்பொருள்தான். தேவாலயக் கதையை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

அந்தக் காலத்தில் ஜன்னல் கண்ணாடியைக் குழாயால் ஊதித்தான் செய்தார்கள். ஊதிய குமிழைச் சுழற்றி வட்டத் தட்டாக விரிப்பார்கள், அல்லது உருளையாக ஊதி, வெட்டிப் பிரித்துத் தட்டையாக்குவார்கள். எப்படிச் செய்தாலும் தடிமன் சீராக வராது. அடிப்பக்கம் தடித்த கண்ணாடிகள் உண்டு, மேல்பக்கமோ ஓரமோ தடித்தவையும் உண்டு. வழிந்ததால் தடித்தது என்றால் எல்லாமே கீழே அல்லவா தடித்திருக்க வேண்டும்? அரிக்கமேட்டில் கிடைத்த கண்ணாடி மணிகளைப் பாருங்கள். ஏறத்தாழ இரண்டாயிரம் வருடப் பழசு. நூல் கோக்கப் போட்ட சின்னத் துளை இன்றும் அடைபடாமல் இருக்கிறது.

கணக்கும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பிரேசிலின் கண்ணாடி ஆய்வாளர் எட்கர் சனோட்டோ 1998-இல் இந்தக் கேள்வியையே எடுத்துக்கொண்டு, கண்ணாடி கண்ணில் படும்படி வழிய பிரபஞ்சத்தின் வயது போதாது என்று காட்டினார். பிறகு ஜான் மௌரோவும் சக ஆய்வாளர்களும் இடைக்காலத் தேவாலயக் கண்ணாடியின் கலவையைத் தாங்களே உருக்கிச் செய்து, அதன் பாகுநிலையை, அதாவது வழிவதை அது எவ்வளவு தடுக்கிறது என்பதை, அளந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த விடை: நூறு கோடி ஆண்டுகளில் அதிகபட்சம் ஒரு நானோமீட்டர் அளவுக்கு நகரும். மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு!

இன்னொன்று. அதே ஜன்னல்களில் கண்ணாடித் துண்டுகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் ஈயப் பட்டைகள் உண்மையாகவே காலப்போக்கில் தொய்கின்றன. ஈயம் 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடுவதால், சாதாரண வெப்பத்திலும் தன் எடைக்கே மெல்ல நெகிழ்ந்து கொடுக்கும். ஆனால் ஈயம் படிகம், அதாவது அணுக்கள் வரிசையாக அடுக்கிய திடப்பொருள். அதைத் திரவம் என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே ‘மெதுவாக நகர்ந்தால் திரவம்’ என்ற அளவுகோலே இங்கே உதவாது.

சரி, பிறகு ஏன் இந்தப் பேச்சு வந்தது? அதற்குப் பின்னால் நல்ல காரணம் இருக்கிறது. உப்பை உருக்கி ஆறவிட்டால் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் அது சட்டென்று படிகமாக உறையும். கண்ணாடி அப்படி உறைவதில்லை. கடலை மிட்டாய்க்கு வெல்லப்பாகு காய்ச்சுவதை உங்கள் மகள் பார்த்திருப்பாள். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்துத் தட்டில் போட்டால் ‘டங்’ என்று சத்தம் கேட்க வேண்டும், அதுதான் பதம். அந்தப் பாகு ஆற ஆற இறுகுகிறதே தவிர, இந்த நொடியில் உறைந்தது என்று காட்ட முடியாது. கடைசியில் கடித்தால் நொறுங்குகிறது. உண்மையில் அதுவும் ஒரு வகைக் கண்ணாடிதான். மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் இறுகும் வெப்பநிலை கீழே இறங்கிவிடும், மிட்டாய் பிசுபிசுத்துப் போகும். ஜன்னல் கண்ணாடிக்கு அந்த வெப்பநிலை 550 டிகிரியை ஒட்டி இருக்கிறது. நம் வீட்டு வெயில் அதன் பக்கத்தில்கூட வராது.

இறுகும்போது சிலிக்கன், ஆக்சிஜன் அணுக்களுக்கு வரிசையாக அடுக்கிக்கொள்ள நேரம் கிடைப்பதில்லை. திரவத்தில் எப்படித் தாறுமாறாக இருந்தனவோ அதே கோலத்தில் மாட்டிக்கொள்கின்றன. குஸ்தாவ் தம்மான் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கண்ணாடியை ‘உறைந்துபோன அதிகுளிர் திரவம்’ என்று விவரித்தார். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் படிகமாகாத திரவம்தான் அதிகுளிர் திரவம். ‘உறைந்துபோன’ என்பது நாளடைவில் உதிர்ந்து, ‘திரவம்’ மட்டும் பள்ளிக்கூடங்களில் தங்கிவிட்டது. எனக்கு இது வருத்தம்தான். உதிர்ந்துபோன அந்தச் சொல்லில்தான் விஷயமே இருக்கிறது.

கண்ணாடி மாறுவதே இல்லை என்றும் நினைத்துவிட வேண்டாம். வெப்பத்துக்கும் வேலைக்கும் உள்ள உறவை அளந்தாரே ஜேம்ஸ் ஜூல், அவர் தன் வெப்பமானி ஒன்றின் சுழிப்புள்ளியை, அதாவது உருகும் பனிக்கட்டியில் அது காட்டும் அளவை, 1844 முதல் 1882 வரை குறித்துக்கொண்டே வந்தார். அது மெல்ல மெல்ல மேலே ஏறியது. காரணம், குமிழின் கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிப் பாதரசத்தை மேலே தள்ளியதுதான். மாட்டிக்கொண்ட அணுக்கள் துளித்துளியாக நெருங்கி உட்காருகின்றன. கண்ணாடி கீழே வழியவில்லை, உள்ளே இறுகுகிறது. அதுவும் வருடம் போகப் போகக் குறைந்துகொண்டே வந்தது. முப்பத்தெட்டு வருடம் ஒரே வெப்பமானியை விடாமல் பார்த்த அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் பிரமிப்பாக இருக்கிறது.

கண்ணாடியைத் திடப்பொருளோடு சேர்க்காமல் தனி நிலையாகவே வைக்க வேண்டும் என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். சனோட்டோவும் மௌரோவும் 2017-இல் முன்வைத்த வரையறை அந்தப் பக்கம் சாய்வதுதான். சமநிலைக்கு வராத, படிகமாகாத ஒரு நிலை அது. போதிய காலம் கிடைத்தால் கடைசியில் படிகமாகும் என்பது அவர்கள் கருத்து. அவர்களும் ஜன்னல் வழிகிறது என்று சொல்லவில்லை.

உங்கள் மகள் ‘படிக வடிவமற்ற திண்மம்’ என்று எழுதட்டும். இடமிருந்தால், குறிப்பிட்ட உருகுநிலை கிடையாது, சூடாக்கினால் படிப்படியாக இளகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.