அந்த 'கு' யாருடையது?

கேள்வி: வேலைக்காக தார் எஸ் சலாம் வந்து ஆறு மாதம் ஆகிறது. சுவாஹிலி பெயர்ச்சொற்கள் ஓரளவு பிடிபட்டுவிட்டன, வினைச்சொல்தான் படுத்துகிறது. ஒரு நாள் கடைப்பக்கம் போகவில்லை, மறுநாள் கடைக்காரர் 'சிகுகுஓனா ஜானா' என்றார். ஜானா என்றால் நேற்று, சரி. முதல் சொல்லை அகராதியில் 'சி' வரிசை முழுக்கத் தேடியும் காணோம்.

பதில்: அங்கே தேடினால் கிடைக்காது. தமிழில் வேர் முதலில் வரும், காலமும் ஆளும் பின்னால் ஒட்டும். சுவாஹிலியில் ஆள், காலம், யாரை என்பதெல்லாம் வரிசையாக வந்த பிறகுதான் வேர் தலைகாட்டும். நி-லி-கு-ஓனா: நான், இறந்தகாலம், உன்னை, பார். ஆக, 'ஓனா'வில் தேடுங்கள். இதை எதிர்மறையாக்கினால் 'நி' போய் 'சி' வரும், 'லி' போய் 'கு' வரும். சி-கு-கு-ஓனா: முதல் 'கு' இறந்தகாலம், இரண்டாவது 'கு' நீங்கள். நேற்று உங்களைக் காணோமே என்று விசாரித்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஒரே ஒரு 'கு' வரும்போதுதான் உண்மையான வம்பு. சி-கு-ஓனா என்றால் 'நான் பார்க்கவில்லை'. சி-கு-ஓனி என்றால் 'உன்னைப் பார்க்கிறதில்லை'. நிகழ்கால எதிர்மறையில் கடைசி 'ஆ' 'இ' ஆகிவிடும், அதை வைத்துத்தான் அந்தக் 'கு' காலமா ஆளா என்று சொல்ல முடியும். ஹு-சோமா 'வழக்கமாகப் படிப்பது', ஹு-சோமி 'நீ படிப்பதில்லை' என்பதும் இதே கதைதான். அதனால் நடுவில் மண்டையை உடைத்துக்கொள்வதற்கு முன் சொல்லின் முதல் அசையையும் கடைசி உயிரையும் பாருங்கள், பாதி வேலை முடிந்துவிடும். ஆனால் ருடி (திரும்பு), ஜிபு (பதில் சொல்) போல அரபியிலிருந்து வந்த வினைகளுக்குக் கடைசி உயிர் மாறாது, அங்கே இந்த உபாயம் பலிக்காது.

இன்னொரு 'கு'வும் உண்டு. அ-ன-கு-லா என்றால் 'அவர் சாப்பிடுகிறார்'. வேர் வெறும் 'லா'. சுவாஹிலியில் அழுத்தம் கடைசிக்கு முந்தைய அசையில் விழும், ஓரசை வேரில் அது விழ இடமில்லை, அதற்கு முட்டுக் கொடுக்கத்தான் இந்தக் 'கு'. நிகழ்கால எதிர்மறையில் அது காணாமல் போகும்: ஹ-லி, 'சாப்பிடுவதில்லை'.

கடைக்காரர் மறுபடி கேட்டால் 'நிலிகுவா ந்யும்பானி' என்று சொல்லுங்கள், வீட்டில் இருந்தேன் என்று பொருள். அதிலும் ஒரு 'கு' இருக்கிறது, அதுவும் முட்டுக் கொடுக்கிற 'கு'தான்.