ஆத்தங்குடிக் கல்லுக்கு ஆசிட் வேண்டாம்

காரைக்குடி வீட்டைக் காலி செய்கிறீர்கள், அடுப்படித் தரையில் எண்ணெய்க் கறை, ஆசிட் ஊற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஊற்றிவிடாதீர்கள்! உங்கள் தரையில் இருக்கும் ஆத்தங்குடிக் கல், செட்டிநாட்டு ஆத்தங்குடியில் கையால் செய்யும் பூ வேலைத் தரை ஓடு. சூளையில் சுட்டது அல்ல. கண்ணாடி மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்துச் செய்வது. ஆசிட் பட்டால் சிமெண்ட் அரித்து, பூ வேலை வெளுத்துவிடும். எலுமிச்சை, வினிகரும் அப்படித்தான். எங்கள் பழைய வீட்டில் பாத்ரூமுக்கு ஊற்றிய ஆசிட் நிலைப்படி தாண்டி ஓடி, உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைத் திட்டு. அட்வான்ஸில் 2,000 ரூபாய் போனது.

ஆப்பசோடாவைக் கெட்டியாகக் குழைத்துக் கறை மேல் அப்பி, ஈரத்துணி போட்டு ராத்திரி விடுங்கள். காலையில் பழைய ஏடிஎம் கார்டால் வழித்து, பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு கலந்த தண்ணீரில் துடைக்கலாம். பழைய கறை ஒரே தடவையில் போகாது. இரண்டு மூன்று முறை செய்யுங்கள். கம்பி நாரைத் தொடவே வேண்டாம். நன்றாகக் காய்ந்தபின் துணியில் துளி தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் பளபளப்பு வரும். ஆச்சிமார் காலத்து வழி அது.

சுவர் பழைய சுண்ணாம்புப் பூச்சு என்றால் காய்ந்த துணி போதும். ஒட்டடையை முதலில் அடியுங்கள், தரை கடைசி. அப்புறம், சாவி கொடுக்கும்போது வீட்டுக்காரரையும் வைத்துக்கொண்டே தரையைப் படம் எடுத்துவிடுங்கள்.